ஒருமுறை மட்டும் எரியும் விளக்கு

1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2, இரவு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் யேகர் என்றொரு சிறிய ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி. அங்கே ஒரு டிரைவ்-இன் தியேட்டர். கார்களை வரிசையாக நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே எல்லோரும் படம் பார்க்கிறார்கள். கூரை மடக்கிய ஒரு ப்யூக் காரில் ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் ஒரு ஜெட் விமானம். திரைக்கு அப்பால் உள்ள தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் இழுத்துச்செல்லும் சரக்கு ரயில். அது விடும் வெள்ளைப் புகை கறுப்பு வானத்தில் அப்படியே உறைந்து நிற்கிறது.

‘ஹாட்ஷாட் ஈஸ்ட்பவுண்ட்’ என்ற இந்தப் படத்தை எடுத்தவர் ஓ. வின்ஸ்டன் லிங்க். போன நூற்றாண்டின் புகழ்பெற்ற ரயில் புகைப்படம் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். ரயில், கார், விமானம், சினிமா, காதல் என்று ஐம்பதுகளின் அமெரிக்கா மொத்தமும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிட்டது என்று இதைப் பற்றி எழுதுபவர்கள் எழுதாமல் இருப்பதில்லை.

இப்போது படத்தின் பின்னால் போய்ப் பார்ப்போம். அந்த ப்யூக் கார் லிங்க்கினுடையது. அந்த ஜோடியை அதில் உட்கார வைத்தவரும் அவர்தான். 40க்கும் மேற்பட்ட ஃபிளாஷ் பல்புகள் ஒரே நேரத்தில் வெடித்த வெளிச்சத்தில் திரை வெறும் வெள்ளையாகத்தான் நெகட்டிவில் விழுந்தது. அந்த ஜெட் விமானத்தைத் தனியாக இன்னொரு நெகட்டிவில் எடுத்து, பிரிண்ட் போடும்போது சேர்த்துக்கொண்டார். அதாவது, ஃபோட்டோஷாப் வருவதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னால் செய்த ஃபோட்டோஷாப் வேலை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் இந்தப் படத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை, கூடத்தான் செய்தது. அது ஏன் என்று யோசித்துக்கொண்டே அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

லிங்க் 1914இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் பிறந்தவர். 1937இல் சிவில் எஞ்சினியரிங் முடித்தார். எஞ்சினியரிங் படித்துவிட்டு சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போவது நம் ஊர் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போல. கார்ல் பையர் என்பவரின் மக்கள் தொடர்பு நிறுவனத்தில் புகைப்படக்காரராகச் சேர்ந்தார். அங்கே வேலை என்னவென்றால், வாடிக்கையாளரின் பொருளைச் செய்தி போல் தோன்றும்படி படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது. எல்லாமே ஏற்பாடு செய்யப்பட்டவை, எதுவும் ஏற்பாடு செய்ததாகத் தெரியக்கூடாது. போர்க்காலத்தில், காது சற்று மந்தம் என்பதால் ராணுவத்துக்குப் போக முடியாமல், தாழப் பறக்கும் விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கிய ஆய்வகத்தில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் நியூயார்க்கில் சொந்தத் தொழில். தொழிற்சாலைகள், இயந்திரங்கள், விளம்பரங்கள். கண்ணாடி மாட்டிய, எல்லாவற்றையும் அளந்து பார்க்கிற, கணக்குப் போடுகிற மனிதர்.

தொழிற்சாலைப் புகைப்படம் கவர்ச்சியில்லாத வேலை. கூடம் இருட்டாக இருக்கும். மேலே தொங்கும் விளக்குகள் இயந்திரத்தின் தலையில் மட்டும் விழும். பின்னால் தேவையில்லாத குழாய்களும் அழுக்குத் துணிகளும் கிடக்கும். வாடிக்கையாளருக்கோ அவர் இயந்திரம் பளபளவென்று தெரிய வேண்டும். இதற்கு ஒரே வழி வெளிச்சத்தை நாமே கொண்டுபோவது. எது தெரிய வேண்டுமோ அதன் மேல் மட்டும் வெளிச்சம் போட வேண்டும், மற்றதை இருட்டில் விட்டுவிட வேண்டும். ரயில்களைப் படமெடுக்கப் போவதற்கு முன்பே லிங்க் இந்தக் கணக்கில் பல வருஷம் ஊறியிருந்தார்.

1955 ஜனவரியில் ஏர் கண்டிஷனர் படமெடுக்கும் வேலையாக வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகருக்குப் போனார். பக்கத்து ஊரான வேன்ஸ்பரோ வழியாக நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பாதை போனது. சிறு வயதிலிருந்தே ரயில் பைத்தியம். வேலை முடிந்த ஒரு சாயங்காலம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். மறுநாளே, அதாவது ஜனவரி 21 அன்று, விளக்குகளோடு திரும்பப் போய் முதல் இரவுப் படத்தை எடுத்தார்.

அமெரிக்காவின் மற்ற பெரிய ரயில்வேக்கள் டீசலுக்கு மாறிவிட்டிருந்த காலம் அது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் மட்டும் பிடிவாதமாக நீராவியிலேயே இருந்தது. காரணம் எளிமையானது. அதன் பிழைப்பே நிலக்கரி ஏற்றிச்செல்வதுதான். எரிபொருள் பாதையோரத்திலேயே கிடைக்கிறது. எஞ்சின்களையும் ரோனோக் நகரில் இருந்த தன் சொந்தப் பட்டறையிலேயே கட்டிக்கொண்டது, அதுவும் மிக நன்றாகவே. ஆனால் 1955இலேயே அதுவும் டீசல் எஞ்சின்களை வாங்கத் தொடங்கிவிட்டது. லிங்க் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார், அனுமதி கிடைத்தது. ரயில்வே இடங்களுக்குள் போகலாம், வரலாம், ஊழியர்கள் உதவுவார்கள். காசு மட்டும் கிடையாது. அடுத்த ஐந்து வருஷம் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ இருபது முறை போய்வந்தார். மொத்தம் சுமார் 2,400 நெகட்டிவ்கள்.

ஏன் இரவு? பகலில் ரயிலைப் படமெடுக்க அப்போதே ஆயிரம் பேர் இருந்தார்கள். லிங்க் இதற்கு ஒரு விளக்கம் சொல்வது வழக்கம்: சூரியன் எப்போதும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது, அதை நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது, ஆகவே எனக்கு வேண்டிய வெளிச்சத்தை நானே உண்டாக்க வேண்டியிருந்தது. வேடிக்கையாகத் தோன்றினாலும் இது சுத்தமான தொழிற்சாலைப் புகைப்படக்காரரின் பதில். இன்னொரு காரணமும் உண்டு. பகல் வானத்தின் முன்னால் எஞ்சின் புகை அழுக்குச் சாம்பலாகத் தெரியும். இருட்டில் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வெளிச்சம் பட்டால் அதே புகையும் நீராவியும் வெண்பஞ்சாகிவிடும்.

இருட்டுக்குள் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் லிங்க் முதல் ஆள் கிடையாது. 1861 வாக்கில் பாரிஸில் நடார், நிலத்தடி எலும்புக் குகைகளுக்குள் பேட்டரிகளையும் ஆர்க் விளக்கையும் இறக்கினார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம்வரை எக்ஸ்போஷர். அவ்வளவு நேரம் எந்தத் தொழிலாளியும் அசையாமல் நிற்க முடியாது என்பதால் வேலை செய்பவர்களின் இடத்தில் பொம்மைகளை நிறுத்தினார். ஆக, செயற்கை வெளிச்சம் வந்த அன்றே ஜோடனையும் கூடவே வந்துவிட்டது. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த ஃபிளாஷ் பவுடர் வந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த நியூயார்க் நிருபர் ஜேக்கப் ரீஸ், சேரிகளின் இருட்டறைகளைப் படமெடுக்கக் கிளம்பினார். முதலில் துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் வைத்து வெடித்தார்கள். நடுராத்திரியில் துப்பாக்கியோடு கதவைத் தட்டினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். பிறகு வறுக்கும் சட்டியில் பவுடரைக் கொட்டிப் பற்றவைத்தார். இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் படங்களிலிருந்துதான் 1890இல் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. அதில் இருப்பவர்கள் பலர் தூக்கத்திலிருந்து எழுந்து கண்கூசி நிற்பவர்கள். யாரும் அவர்களிடம் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

1929-30 வாக்கில் வந்த ஃபிளாஷ் பல்பு இந்தப் புகை, தீ, நாற்றம் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்தது. உள்ளே ஆக்ஸிஜன், மெல்லிய அலுமினியத் தாள் அல்லது இழை, பற்றவைக்க ஒரு சின்ன ஃபிலமென்ட். மின்சாரம் பாய்ந்ததும் மொத்தமும் ஒரே மூச்சில் எரிந்துவிடும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. கண்ணாடி வெந்து கொப்புளம் கிளம்பியிருக்கும். சூடு ஆறக் காத்திருந்து கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும்.

எனக்குச் சுவாரசியமான கணக்கு இங்கேதான் இருக்கிறது. பெரிய பல்புகள் பற்றவைத்தவுடன் உச்ச வெளிச்சத்தை எட்டிவிடாது, சுமார் 20 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் ரயில் அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஷட்டர் அந்த உச்சத்தில் திறக்க வேண்டும். 200இல் ஒரு பங்கு செகண்ட் திறந்தால்கூட ரயில் 13 சென்டிமீட்டர் நகரும். பக்கவாட்டில் ஓடினால் அது கலங்கலாகத் தெரியும், கேமராவை நோக்கிச் சாய்வாக வந்தால் அவ்வளவாகத் தெரியாது. லிங்க்கின் படங்கள் பலவற்றில் எஞ்சின் நம்மை நோக்கிச் சாய்ந்து வருவது அழகுக்காக மட்டும் இருக்காது என்பது என் ஊகம். தூரம் இன்னொரு வில்லன். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ரயில் நீளமானது, பக்கத்தில் ஒன்று, தொலைவில் ஒன்று என்று பல்புகளைத் தண்டவாளத்தின் ஓரமாகவே பரப்பிவைக்க வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான அடி ஒயர்.

இத்தனை பல்புகளையும் ஷட்டர்களையும் ஒரே நொடியில் இயக்குவதற்கான கருவி கடையில் கிடைக்கவில்லை. லிங்க் தானே வடிவமைத்தார். பேட்டரியும் கெப்பாசிட்டர்களும் கொண்ட பெட்டி, 60 பல்புகள்வரை வெடிக்கும், மூன்று கேமராக்களை ஒன்றாகத் தட்டிவிடும். பல்புகளைத் தொடர் இணைப்பில் கோத்தார். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் தொங்கவிடும் பழைய சீரியல் செட் நினைவிருக்கிறதா? ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் போய்விடும். அதே சங்கதிதான். முதலில் படித்தபோது இது என்ன முட்டாள்தனம் என்று தோன்றியது. பக்க இணைப்பில் கொடுத்திருந்தால் ஒன்று போனாலும் மற்றவை எரியுமே?

யோசித்துப் பார்த்தால் அது முட்டாள்தனமே இல்லை. பக்க இணைப்பில் நீண்ட ஒயரின் கடைசியில் இருக்கும் பல்புகளுக்கு மின்சாரம் போதாமல், அவை தாமதமாக எரியலாம், எரியாமலும் போகலாம். படம் கிடைக்கும், ஆனால் பாதி இருட்டாக. தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம், எல்லாம் ஒன்றாகப் பற்றும். சுற்று முழுதாக இருக்கிறதா என்பதையும் பல்பு எரியாத அளவுக்கு மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி ரயில் வருவதற்கு முன்பே சோதித்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேரில் இதை நாங்கள் தினமும் பேசுகிறோம்: பாதி வேலை செய்து ஏமாற்றும் சிஸ்டத்தைவிட, உடைந்தால் முழுசாக உடைந்து சொல்லிவிடும் சிஸ்டம் மேல். அதைச் சொல்வது எங்களுக்குச் சுலபம், பட்டனை அமுக்கி மறுபடி ஓட்டிக்கொள்வோம். கால அட்டவணைப்படி பிரதான பாதையில் பாயும் ரயில் லிங்க்குக்காகத் திரும்பி வராது.

ஈரோட்டில் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பையில் ஐந்தாறு ஃபிளாஷ்கள் இருக்கும், எல்லாம் ஒயர் இல்லாமல் ட்ரிகரில் ஓடுபவை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தாலி கட்டுறப்ப ட்ரிகர் மிஸ்ஸாகும் பாருங்க, அந்த ஒரு செகண்ட் எனக்கு வயிறு கலங்கும். அந்த மனுஷன் அதை அஞ்சு வருஷம் விரும்பிப் போய்ப் பண்ணியிருக்காரு” என்றார். அப்புறம், “பட்டனை யாரு வேணா அமுக்கலாம் தலைவா. எங்களுக்குக் காசு கொடுக்கறதே லைட்டு வைக்கத்தான்” என்றார். லிங்க்கைப் பற்றி நான் படித்த எந்தக் கலை விமர்சனத்திலும் இவ்வளவு கச்சிதமாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

லைட் வைப்பது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, டிரைவ்-இன் படத்தைவிட எனக்குப் பிடித்தது 1955இல் வர்ஜீனியாவின் லித்தியாவில் ஒரு வீட்டுக்குள் எடுத்த படம். சாதாரண முன்னறை. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் பூனை. ஒரு பையன் ஜன்னலைப் பார்த்துக் கையசைக்கிறான். ஜன்னலுக்கு வெளியே, தொட்டுவிடும் தூரத்தில், ரயில் போகிறது. சாதாரணமாக ஒரு ஃபிளாஷ் போட்டிருந்தால் ஜன்னல் கண்ணாடியில் அதன் வெளிச்சம் பளீரென்று திரும்பி அடித்திருக்கும், வெளியே வெறும் கறுப்பு. உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாக விளக்குகள் வைத்து, இரண்டு வெளிச்சத்தையும் சமன் செய்து, வீட்டு விளக்கில் எடுத்தது போலவே தோன்றவும் வைத்திருக்கிறார். பார்ப்பவருக்கு விளக்குகளின் நினைவே வராது.

சரி, இது பொய்யா?

மக்கள் தொடர்பு நிறுவனத்தில் கற்ற வித்தைதான் இது என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. லூரேயில் ரயில் பாலத்தின் கீழ் ஓடும் ஓடையில் இரவில் குளிக்கும் பிள்ளைகள், பெட்ரோல் பங்கில் காத்திருக்கும் கார், கடைத் திண்ணையில் அரட்டை என எல்லாமே அவர் சொல்லி நின்ற நிலைகள். ஆனால் ஓடை அங்கேதான் இருந்தது, பிள்ளைகள் அதில்தான் குளித்தார்கள், அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே தினமும் அந்த ரயில்தான் போனது. ரயில் ரசிகர்களின் பகல் படங்களில் எஞ்சின் மட்டும் இருக்கிறது, எண்ணும் மாடலும் பளிச்சென்று. எஞ்சினை ஓட்டியவரும், அதற்குத் தண்ணீர் விட்டவரும், அதன் சத்தத்தில் தூங்கிப் பழகியவரும் அவற்றில் இல்லை. லிங்க்கின் படங்களில் பாதிக்குப் பாதி எஞ்சின் பின்னணியில்தான் ஓடுகிறது. முன்னால் ஜனங்கள் தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள், பலர் ரயிலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் போகிற ரயிலை யார் பார்ப்பார்கள்? அந்த அலட்சியம்தான் எனக்கு நம்பகமான சாட்சியம். அதை அவர் ஜோடித்துத்தான் வாங்கினார் என்றாலும்.

ஆனால் எது தெரிய வேண்டுமோ அதன் மேல் மட்டும் வெளிச்சம் போடுகிறவரிடம் மற்றொரு கேள்வியும் கேட்க வேண்டும். வர்ஜீனியாவில் அந்த ஐந்து வருஷங்கள் நிறவெறிச் சட்டங்களின் கடைசிப் பிடிவாதக் காலம். கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகளில் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டபோது, 1958 செப்டம்பரில் மாநில அரசு சில ஊர்களில் பள்ளிகளையே இழுத்து மூடியது. அதில் முதலில் மூடப்பட்டது ஃப்ரன்ட் ராயல் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி. லிங்க் படமெடுத்துக்கொண்டிருந்த அதே பள்ளத்தாக்குப் பாதையில், லூரேக்கு வடக்கே இருக்கும் ஊர். அவருடைய புகழ்பெற்ற படங்களின் வர்ஜீனியாவில் இந்தச் சண்டையின் நிழல்கூட இல்லை. ரீஸ் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஊர் மறைத்ததைக் காட்ட. லிங்க் போனது தான் நேசித்தது மறைவதற்குள் அதைப் பிடித்துவைக்க. இரண்டாவதைக் குறைவாக மதிக்கிறேன் என்றில்லை. ஆனால் அந்தக் கறுப்பு வானத்தை இப்போது பார்க்கும்போது, அதற்குள் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் சத்தத்தையும் சேமித்தார். காது மந்தமான மனிதர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1957 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ரூரல் ரிட்ரீட் நிலையத்தில், தேவாலய மணியிசையும் கிளம்பும் ரயிலின் சத்தமும் கலந்து பதிவானது. அந்த ஒலிகள் இசைத்தட்டுகளாக வந்தன. படங்களுக்கோ அப்போது பெரிய மதிப்பில்லை. 1960இல் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் நீராவி ஓட்டம் நின்றது. லிங்க் தன் பிழைப்புக்குத் திரும்பினார், விளம்பரங்கள் எடுத்தார், நியூயார்க்கில் வெரசானோ பாலம் கட்டுவதைப் படமெடுத்தார். கலைக்கூடங்கள் ரயில் படங்களைக் கண்டுகொண்டது 1980களில். 1987இல் புத்தகம் வந்தபோது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. 1999இல் வெளியான ‘அக்டோபர் ஸ்கை’ படத்தில் ஒரு சின்னக் காட்சியில் எஞ்சின் டிரைவராக வருகிறார். ராக்கெட் விடும் சுரங்க ஊர்ப் பையன்களின் அந்தக் கதை நடப்பதும் யேகர் இருக்கும் அதே மாவட்டத்தில்தான். 2001இல் இறந்தார். 2004இல் ரோனோக்கின் பழைய பயணியர் ரயில் நிலையக் கட்டடத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

ஃபிளாஷ் பல்பும் நீராவி எஞ்சினுக்குப் பின்னாலேயே போய்விட்டது. மறுபடி மறுபடி அடிக்கும் எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் மலிவானதும் ஒருமுறை எரிந்து சாகும் பல்பை யார் வாங்குவார்கள்? ரோனோக் பட்டறையில் 1950இல் கட்டிய 611 எண் எஞ்சின் பிழைத்துக் கிடக்கிறது, எப்போதாவது சிறப்பு ரயிலாக ஓடுகிறது. இந்த மாதிரி மிச்சமிருக்கும் நீராவி எஞ்சின்களை வைத்து இரவுப் படப்பிடிப்புகள் நடத்துகிறார்கள். பழைய உடை அணிந்த ஆட்கள், லிங்க் பாணி விளக்குகள், கட்டணம் செலுத்தி வந்து ட்ரைபாடோடு நிற்கும் கூட்டம். ரயில் கடந்து போனதும் எல்லோரும் குனிந்து கேமராத் திரையைப் பார்ப்பார்கள். ஃபிளாஷ் சரியாக அடிக்கவில்லை என்றால் டிரைவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். எஞ்சின் மெதுவாகப் பின்னோக்கிப் போய், நின்று, மறுபடி புகை விட்டுக்கொண்டு வரும்.